ஒன்றுவிட்டு ஒரு நாள்

குலசேகரம்
ஞாயிறு மத்தியானம்

மக்கா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பேச்சை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். பதிலைப் பேசி அனுப்பப் பார்த்தேன், கோர்வையாக வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மகன் இன்ஜினியரிங்கை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டு, கேம் ஆடுவதை நெட்டில் நேரலையாக, லைவ் போட்டுப் பிழைக்கப் போகிறேன் என்று நிற்கிறானாம். 'நீ அதெல்லாம் பார்க்கிறவன், ஒரு வார்த்தை சொல்லு' என்கிறாய். பார்க்கிறவன்தான். 2020 லாக்டவுனில் தொடங்கியது. இப்போதும் ராத்திரி கிடக்கப் போகும் முன் யாராவது விளையாடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தால்தான் எனக்கு ஒரு நாள் முடிந்த மாதிரி இருக்கும். "ஆரோ விளையாடுறத பாத்து உங்களுக்கு என்ன கிடைக்கப் போவுது?" என்று வீட்டில் கேட்பாள். வாசகசாலையில் நீ கேரம் ஆடும்போது நாங்கள் பத்துப் பேர் சுற்றி நின்றோமே, எங்களுக்கு என்ன கிடைத்தது? நீ ரெட்டைப் போட்டு ஃபாலோவையும் போடும்போது ஒரு சத்தம் எழும்பும் பார், அதுதான் கிடைத்தது. லைவிலும் அதேதான். கூட இருக்கிற உணர்வு. நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வாசகசாலையில் ஒன்பது மணிக்கு விளக்கை அணைப்பார்கள், நீ வீட்டுக்குப் போவாய்.

என் தங்கச்சி மகனை உனக்குத் தெரியும். பி.காம் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக இதுதான் வேலை. எங்கள் ரப்பர் விளைக்கு எதிர்த்த வீடு. நான் மூன்றரைக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்ட இறங்கும்போது அவன் ஜன்னலில் நீல வெளிச்சம் இருக்கும். ஊரே உறங்கும் நேரத்தில் முழித்திருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். முதல் வரிசை மரத்தடியில் நின்று போனில் அவன் லைவைத் திறந்து பார்ப்பேன். மேலே ஒரு எண் தெரியும், அப்போது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று. ஒரு நாள் 43. தண்ணீர் குடிக்க எழுந்து போனான், 31 ஆயிற்று. திரும்பி வந்து உட்கார்ந்தவன் கேமைப் பார்க்கவில்லை, முதலில் அந்த எண்ணைத்தான் பார்த்தான். அந்தக் கண்ணை நான் பார்த்தேன் மக்கா.

காசு விஷயம் கேட்டாய். யூடியூப் லைவில் பார்க்கிறவர்கள் சூப்பர் சாட் என்று பணம் அனுப்பலாம். 40 ரூபாய் அனுப்பினால் 30 சதவீதம் கம்பெனி எடுத்துக்கொள்ளும், பையனுக்கு 28. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பேங்குக்கு வரும், சேராவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். இவனுக்குச் சில மாதம் வரும், சில மாதம் தள்ளும். வருகிற மாதத்தில் தங்கச்சி கையில் கொஞ்சம் கொடுப்பான், அப்போது அவன் நடையே வேறு.

அந்தக் காசும் அவன் கையில் இல்லை. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பதிலாக 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று இந்தியாவுக்கான கேம் வந்தது. 2022 ஜூலை கடைசியில் அதையும் ஆப் ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள். 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது. நடுவில் பத்து மாதம். அந்த ஒரே கேமை நம்பி லைவ் போட்ட பையன்களின் நிலையை நினைத்துப் பார். நமக்கு இது புதிதில்லை. 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் ஷீட் 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே போனபோது மரம் நம் விளையில்தான் நின்றது, விலை நம் கையில் இல்லை. இவனுக்கு மரமும் சொந்தமில்லை.

சின்ன ஆட்களுக்குத்தான் இந்தக் கதி என்று உன் மகன் சொல்வான். நிஞ்ஜா என்ற பெயரில் ஆடுகிற அமெரிக்காக்காரர், ட்விட்ச் என்ற லைவ் தளத்தில் அப்போது அவர்தான் உச்சம். 2018-ல் இரண்டு நாள் கூட முழுசாக இல்லை, லைவ் வராமல் இருந்ததில் 40,000 சந்தாதாரர்கள் போய்விட்டார்கள் என்று அவரே எழுதினார். 2021-ல் லுட்விக் என்பவர் 31 நாள் லைவை நிறுத்தாமல் ஓட்டினார். சந்தா வர வர, லைவ் முடிய வேண்டிய நேரம் கடிகாரத்தில் கூடிக்கொண்டே போகும். அவர் உறங்குவதையும் கேமரா காட்டிக்கொண்டிருந்தது, உறங்குகிற மனிதனை ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது பெரிய வெற்றி. ஆனால் உறக்கத்தைக்கூட விற்கலாம் என்று ஆகிவிட்டதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

போன இடவப்பாதி மழை சமயத்தில் பையனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் விடாமல் பேசினால் என்ன ஆகும்? ஒரு வாரம் பேசாதே என்று டாக்டர் சொன்னார். நான்காம் நாளே உட்கார்ந்துவிட்டான். "மாமா, ரெண்டு நாள் போவலேண்ணா ஆளு வராது" என்றான், கரகரத்த குரலில்.

நான் அவனை விளைக்குக் கூட்டிப்போய் மரத்தைக் காட்டினேன். இன்று வெட்டிய மரத்தை நாளைக்கு நான் தொடுவதில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள்தான். இலை உதிர்கிற காலத்தில் மொத்தமாக நிறுத்திவிடுவேன். ஆசைப்பட்டுத் தினமும் வெட்டினால் முதலில் சிரட்டை நிறையத்தான் செய்யும். பிறகு பால் தண்ணீராகும், ஒரு நாள் கத்தி போட்ட இடத்தில் ஒன்றுமே வராது. அப்படி நின்றுபோன மரம் ஒன்று கிழக்கு வேலியோரம் நிற்கிறது, அப்பா காலத்தில் குத்தகைக்காரர் வெட்டிக் கெடுத்தது. அவன் அதன் பட்டையை விரலால் தடவிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம்விட எனக்கு வலித்தது வேறு. தொடக்கத்தில் அவன் லைவில் நம்ம பேச்சு பேசுவான். 'எனக்க டீமு', 'பைய வாங்க மக்களே' என்று. கேட்கவே கொள்ளாம். 'நீ மலையாளியா?' என்று சாட்டில் ஒருத்தன் தொடங்கினான், தினமும் பத்துப் பேர் சேர்ந்து கிண்டல் செய்தார்கள். இப்போது 'என்னோட டீம்', 'மெதுவா வாங்க' என்கிறான். அம்மா சாயா கொண்டு வைக்கும்போதும் அதே பேச்சு வாயில் வந்துவிடுகிறது. "பிள்ள ஆரோ மாதிரி பேசுதான் அண்ணா" என்று தங்கச்சி என்னிடம் வந்து சொன்னாள். முகம் தெரியாத ஆட்களுக்குப் பிடிக்க வேண்டுமே என்று தினமும் எட்டு மணி நேரம் இருந்தால் நாக்குகூட மாறிவிடும் போல.

நானும் அந்தப் பத்து நாற்பது பேரில் ஒருவன்தான். மகள் கணக்கிலிருந்து அவனுக்கு 40 ரூபாய் அனுப்பியிருக்கிறேன், நள்ளிரவு தாண்டியும். "ரொம்ப நன்றி ப்ரோ, உங்களுக்காக இன்னும் ஒரு மேட்ச்" என்றான். உறங்கப் போக இருந்த பிள்ளையை நான்தான் உட்கார வைத்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதன்பிறகு அனுப்பினால் பகலில்தான்.

ஆகவே உன் மகனைத் திட்டாதே. விளையாட்டைக் கெட்டது என்றும் சொல்லாதே, அவன் உன் பேச்சைக் கேட்பதையே நிறுத்திவிடுவான். படிப்பை முடிக்கட்டும். அதுவரை வாரத்தில் மூன்று நாள் லைவ் போடட்டும், மற்ற நாள் கண்டிப்பாக இல்லை. நீ லீவில் வரும்போது அவனை இங்கே ஒரு ராத்திரி தங்க விடு. என் மருமகனோடு இருந்து பார்க்கட்டும், நான் சொல்வதைவிட அது நல்லது.

அவன் சேனல் பெயரை எழுது. நான் பார்க்கிறேன், சத்தமும் போடுகிறேன். பன்னிரண்டு மணிக்கு மேலும் ஓடினால் உனக்குப் போன் போடுவேன். அங்கே சவுதியில், தம்மாமில் ஒன்பதரைதான் ஆகியிருக்கும், எடு.

உன்
குலசேகரத்துக்காரன்