பழைய சட்டையைத் தரை துடைக்கப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம். ஆண்களின் ஆபீஸ் சட்டையில் முதலில் நைந்து போவது காலரும் கைப்பட்டியும்தான், முதுகுத் துணி புதுசு மாதிரியே இருக்கும், அதைப் போய் தரை துடைக்கப் போடுகிறோம். தையலுக்குச் சுற்றிலும் கால் இஞ்ச் விட்டுச் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டு இணைத்து, நடுவில் பழைய வேட்டி, அடியில் பருத்திச் சேலை வைத்து ஓட்டுத்தையல் போட்டால் அருமையான போர்வை. பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள், பிள்ளைகள் மிட்டாய் ஒளித்து வைக்கட்டும்! பாலியஸ்டர் கலந்த துணியைப் பருத்தியோடு சேர்க்க வேண்டாம், துவைத்ததும் பருத்தி மட்டும் சுருங்கி, தையல் கோணிவிடும். அப்புறம், பஞ்சு வைக்காதீர்கள். குமரியில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, கனத்த போர்வை எங்கே காயும்? தையல் தெரிந்த மகளிர் குழுக்களுக்கு மாவட்ட நிர்வாகம் இதில் பயிற்சி கொடுக்கலாமே.

– ஒரு வாசகி, தக்கலை