அக்குபஞ்சருக்கு வெறும் வயிறு வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதல்முறை அக்குபஞ்சருக்கு வருகிறவர்களில் பலர், ரத்தப் பரிசோதனைக்குப் போவதுபோல் வெறும் வயிற்றோடு, காலை மாத்திரையையும் போடாமல் வந்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. பசியும் பயமும் சேர்ந்தால் ஊசி வைத்த ஓரிரு நிமிடத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். முகம் வெளிறும், குப்பென்று வியர்க்கும், கண் இருட்டும். உடனே எல்லா ஊசிகளையும் எடுத்துவிட்டு, படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சரிந்து விழுந்தால் தலையில் அடிபடும். அதனால் முதல்முறை படுத்தே போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு மூன்று இட்லி சாப்பிட்டால் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுப்பதும் சிரமம்தான்.

சர்க்கரை, பிரஷர், தைராய்டு, வலிப்பு மாத்திரைகளை அன்றும் வழக்கம்போல் போட வேண்டும். "ஊசி ஆரம்பித்தாகிவிட்டது, இனி இன்சுலின் எதற்கு?" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். அதை எந்த ஊசியும் ஈடுகட்டாது. முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் வருகிறவர் அந்த வலிக்கு மட்டும் பார்த்துக்கொண்டு போகட்டும். மற்ற மருந்துகளைக் கூட்டுவதும் குறைப்பதும் அதை எழுதிக் கொடுத்த மருத்துவரின் வேலை.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அவற்றைச் சாப்பிடுவதை ஊசி வைப்பவரிடம் சொன்னால் போதும். ஊசியை ஆழமாக வைக்காமல், எடுத்த பிறகு பஞ்சால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்கள் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கடைசி ஐஎன்ஆர் பரிசோதனை அறிக்கையையும் கொண்டு போங்கள். "சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தால் ஊசியில் மின்சாரம் கொடுக்கக் கூடாது. கர்ப்பம் என்றால் நாள் தள்ளிப்போயிருக்கும் சந்தேகத்தைக்கூடச் சொல்லிவிட வேண்டும். ஊசி வைக்கும் சில புள்ளிகளைத் தவிர்ப்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையில் ஊசி வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்குச் சூடு கொடுக்கும் விளக்கு ஆகாது. சுட்டாலும் தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும்.

நாக்கைப் பார்த்து நோய் கணிப்பவர்கள் உண்டு. ஆகவே அன்று நாக்கை வழிக்காதீர்கள், காபி, வெற்றிலை, பீட்ரூட் வேண்டாம். முழங்கைக்கும் முழங்காலுக்கும் மேலே ஏற்றிக்கொள்ளும்படி தளர்வான உடை போதும். நம் ஊரில் ஊசியே இல்லாமல் விரலால் தொடுகிறவர்களும், ஒரே ஓர் ஊசி வைப்பவர்களும் இருக்கிறார்கள். எந்த முறை என்று நேரம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஊசி அட்டையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். அட்டையில் 0.25 x 25 என்று இருந்தால் கால் மில்லிமீட்டர் தடிமன், 25 மில்லிமீட்டர் நீளம். மருந்து ஏற்றும் 24 கேஜ் ஊசியின் தடிமனில் பாதிகூட இல்லை. ஒருமுறை மட்டுமே பயன்படுத்துவது என்ற குறிப்பும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். காகிதத்தை உரித்ததும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் ஊசி நிற்கும். குழாயைத் தோலில் ஊன்றி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை விரலால் ஒரு தட்டு தட்டுவார்கள். கிண்ணத்தில் ஸ்பிரிட்டில் ஊறும் ஊசியை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்பிரிட்டில் ஊறுவது கிருமி நீக்கம் ஆகாது. மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி இப்படியும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகலாம். எடுத்த ஊசி, 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். எத்தனை வைத்தார்கள், எத்தனை எடுத்தார்கள் என்று நீங்களும் எண்ணுங்கள். தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் மறந்துவிடுவது உண்டு.

ஊசி 20 முதல் 30 நிமிடம் உள்ளே இருக்கும். கனமாகவோ மந்தமாகவோ இழுப்பது இயல்பு. மின்சாரம் அடித்ததுபோல் சுரீரென்றால் நரம்பைத் தொட்டிருக்கலாம், உடனே சொல்லுங்கள். இடையில் புரண்டால் தசை இறுகி ஊசி வளையும், சிக்கிக்கொள்ளும். அப்போது பிடுங்கக் கூடாது. அசையாமல் கிடந்து தசை தளரக் காத்திருந்தால் வந்துவிடும்.

முடிந்ததும் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வண்டியை எடுங்கள். தோள், மேல்முதுகு, மார்பில் ஊசி வைத்திருந்தால் அன்றும் மறுநாளும் கவனம் தேவை. ஆழம் தப்பினால் நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்துவிடலாம். சில மணி நேரம் கழித்துக்கூட நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் தொடங்கும். அப்படி வந்தால் ஊசி வைத்தவரிடம் திரும்பிப் போகாமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், எந்த இடத்தில் ஊசி வைத்தார்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அக்குபஞ்சர் சிகிச்சையாளர்,
மதுரை