110 ரூபாய் ஆயில் ஃபில்டரை ஏன் நிறுத்தினீர்கள்? – ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
சொந்த வண்டி ஓட்டும் டாக்ஸி டிரைவர்,
வத்தலக்குண்டு, திண்டுக்கல் மாவட்டம்.
(பெயர், செல் நம்பர், ஆர்.சி. நகல், பில்கள் தனியாக இணைத்துள்ளேன்)

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம், சென்னை.

தேதி: 09.02.2026

பொருள்: உங்கள் கார் உதிரி பாகக் கடைகளின் சொந்த பிராண்டு டீசல் ஆயில் ஃபில்டர் நிறுத்தப்பட்டது, அதனால் எனக்கு ஏற்பட்ட அலைச்சல், நஷ்டம், அவமரியாதை – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களுக்கு நான் கொடுக்கும் நான்காவது புகார் இது. முதல் மூன்றையும் உங்கள் ஆப்பில் போட்டேன். மூன்றுக்குமே இரண்டாம் நாள் "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது. யார் தீர்த்தார், எதைத் தீர்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவர்கூட என்னைக் கூப்பிட்டுப் பேசவில்லை. ஆகவே இந்த முறை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

என் வண்டி 2017 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல். இதன் 1.3 எஞ்சினுக்கு இரும்பு டப்பா ஃபில்டர் கிடையாது, மூடியைக் கழற்றி உள்ளே சொருகுகிற பேப்பர் எலிமெண்ட் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 2021-இல் இருந்து உங்கள் திண்டுக்கல் கடையில், உங்கள் சொந்த பிராண்டு எலிமெண்டை ஓ-ரிங்கோடு (மூடிக்குப் போடும் ரப்பர் வளையம்) 110 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தேன். கம்பெனிக் கணக்கு 10,000 கிலோமீட்டர். கொடைக்கானல் ஏறி இறங்குகிற வண்டி என்பதால் நான் 8,000-லேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவேன். இந்த எஞ்சினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் நிற்கிறது, டர்போ சுற்றுவதும் அதே ஆயிலில்தான். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் அப்படியே உள்ளே போகும். அதனால் சோறு தள்ளிப்போனாலும் ஃபில்டர் தள்ளிப்போகக் கூடாது என்று இருப்பவன் நான். நான்கு வருஷத்தில் உங்கள் 110 ரூபாய் ஃபில்டர் ஒருமுறைகூட என்னைக் கைவிட்டதில்லை. இதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

நவம்பரில் போனேன், "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அடுத்த வாரம் போனபோது "ஃபேக்டரியில் நிறுத்திவிட்டார்கள்" என்றார்கள். டிசம்பரில் கேட்டதற்கு "தரம் சரியில்லை என்று நாங்களே எடுத்துவிட்டோம்" என்று பதில். தரம் சரியில்லாததையா ஐயா நான்கு வருஷமாக எனக்கு விற்றீர்கள்? ஜனவரியில் ஆப்பில் கேட்டால் "இந்தப் பொருளை யாரும் வாங்குவதில்லை". கடைசியாக உங்கள் கால் சென்டரில் ஒருவர் "ஜி.எஸ்.டி. ஏறிவிட்டது, அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது" என்றார். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே 18 சதவீதம்தான். அந்த அறிவிப்பில் 28 சதவீதத்தில் இருந்த பாகங்கள் இறங்கின, கார் பாகம் எதுவும் ஏறவில்லை. டாக்ஸி ஸ்டாண்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற எனக்குத் தெரிவது உங்கள் ஆளுக்குத் தெரியாதா?

அந்த ஆளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜனவரி 27, மதியம். 22 நிமிஷம் பாட்டு கேட்க வைத்துவிட்டு லைனுக்கு வந்தார். நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே, "ஒரு நூத்திப்பத்து ரூபா ஃபில்டருக்கு எத்தனை தடவை சார் போன் பண்ணுவீங்க? டாக்ஸிக்காரங்கன்னாலே இப்படித்தான்" என்றார். இதே வார்த்தை. பக்கத்தில் என் மகள் இருந்தாள், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன். டாக்ஸிக்காரன் என்றால் எப்படி? உங்கள் கவுன்டரில் பேரம் பேசியிருக்கிறேனா, கடன் சொல்லியிருக்கிறேனா? நான்கு வருஷத்துப் பில்லும் ஃபைலில் இருக்கிறது, ஒன்றுவிடாமல் காசு கொடுத்து வாங்கியது.

அதே ஆள்தான் என்னை மதுரைக்கு அனுப்பினார். "மதுரை கடையில் நாலு பீஸ் காட்டுது, ஆன்லைனில் காசு கட்டிட்டுப் போய் வாங்கிக்குங்க" என்றார். நம்பினேன். உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா என்ற நம்பிக்கைதான். 110 ரூபாய் கட்டினேன். ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு. பழனிக்கு ஒரு குடும்பம் காலையிலேயே கேட்டிருந்தது, போக வர 2,800 ரூபாய் பேசியிருந்தார்கள். ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் தாண்டிப் போயிருந்ததால் அந்தச் சவாரியைப் பக்கத்து வண்டிக்கு விட்டுவிட்டு நிலக்கோட்டை வழியாக மதுரைக்கு ஓட்டினேன். போக மட்டும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கவுன்டரில் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். கையில் வாங்கும்போதே கனம் தெரிந்தது. திறந்தால் இரும்பு டப்பா. பெட்ரோல் ஸ்விஃப்டுக்குப் போடுவது. என் எஞ்சினில் அதைத் திருகுவதற்கு இடமே கிடையாது.

"கம்ப்யூட்டரில் பழைய நம்பரும் புது நம்பரும் கலந்துபோச்சுண்ணே" என்றான் கடைப் பையன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னான். பணம் ஏழு நாளில் திரும்பிவிடும் என்றான். இன்று பத்து நாள் ஆகிறது, வரவில்லை.

மதுரையிலும் சரி, திண்டுக்கல்லிலும் சரி, அதற்குப் பதில் 260 ரூபாய்க்குப் புதிதாக ஒரு "பிரீமியம்" ஃபில்டர் வைத்திருக்கிறீர்கள். சரி, ஆத்திர அவசரத்துக்கு அதையாவது கொடுங்கள் என்றேன். தனியாகத் தரமாட்டார்களாம். ஃபுல்லி சிந்தெடிக் ஆயில், ஃபில்டர், லேபர் எல்லாம் சேர்த்து 3,650 ரூபாய் பேக்கேஜ் எடுத்தால்தான் ஃபில்டர். எனக்கு வழக்கமாக எல்லாம் சேர்த்து 1,750-க்குள் முடிகிற வேலை இது. ஒரு பொருள் வேண்டுமென்றால் இன்னொன்றையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(41)-இல் வருகிறது. படித்துப் பாருங்கள்.

இப்போது அந்தப் பெட்டி விஷயம். எங்கள் ஸ்டாண்டு நண்பர் ஒருவர் வேறு வழியில்லாமல் அந்தப் பேக்கேஜை எடுத்தார். அவருடைய காலிப் பெட்டியை வாங்கி, என்னிடம் இருந்த பழைய 110 ரூபாய் பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் பெட்டியில் அச்சடித்திருக்க வேண்டும் என்பது சட்டம், அச்சடித்தும் இருக்கிறீர்கள். இரண்டிலும் ஒரே ஃபேக்டரி, ஒரே முகவரி. பிறகு அவர் அந்த ஃபில்டரைக் கழற்றியபோது அதையும் என் பழையதையும் பிளேடு போட்டு அறுத்து, பழைய நியூஸ் பேப்பரில் விரித்து மடிப்புகளை எண்ணினேன். எண்ணிக்கை ஒன்றுதான். மேல் கீழ் மூடி ஒரே வார்ப்பு. பேப்பரின் தரம் வேறு என்று நீங்கள் சொல்லலாம். அது என் கண்ணுக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். வேறு என்றால் எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால் நான் 150 ரூபாய் கூடக் கொடுப்பது அட்டைப் பெட்டியின் கலருக்கா?

எனக்கு வியாபாரம் தெரியாது என்று நினைக்காதீர்கள். என் மைத்துனர் கோவையில் ஓ-ரிங் வார்க்கிற பட்டறையில் இருக்கிறார், உட்கார வைத்து விளக்கினார். சொந்த பிராண்டு என்றால் நீங்களே செய்வதில்லை, வெளி ஃபேக்டரியில் உங்கள் பெயர் அடித்து வாங்குகிறீர்கள். ஒரு மாடலுக்கு இத்தனை ஆயிரம் பீஸ் ஆர்டர் கொடுத்தால்தான் அந்த விலை கிடைக்கும். டீசல் காரை மாருதி 2020 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. புது வண்டி வராது, இருக்கிறது தேயத்தான் செய்யும், அப்போது ஆர்டரும் குறையும். 110 ரூபாய் ஃபில்டரில் உங்களுக்கு இருபதோ முப்பதோ நிற்கும், அலமாரியில் அதே இடத்தில் 260 ரூபாய் ஃபில்டரை வைத்தால் மூன்று மடங்கு நிற்கும். கடை வாடகையும் ஆள் சம்பளமும் இரண்டுக்கும் ஒன்றே. போதாக்குறைக்கு, மலிவு ஃபில்டரைப் போட்டுவிட்டு 15,000 கிலோமீட்டர் வரை மாற்றாமல் ஓட்டி, எஞ்சின் போனதும் உங்கள் மேல் கேஸ் போடுகிறவனும் இருப்பான். இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஒரு வியாபாரி இப்படிக் கணக்குப் பார்ப்பதைத் தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். இதில் ஒன்றையாவது என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் நான் மதுரைக்குப் போயிருப்பேனா?

"யாரும் வாங்குவதில்லை" என்பது மட்டும் பச்சைப் பொய். இதே 1.3 எஞ்சினை ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா எல்லாவற்றிலும் வைத்தார்கள். நாட்டின் டீசல் எஞ்சின் என்றே இதற்குப் பட்டம் கொடுத்தார்கள். எங்கள் ஸ்டாண்டில் மட்டும் பதினொரு வண்டி நிற்கிறது, பதினொன்றும் இதே எஞ்சின். ஒன்பது பேர் உங்கள் கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தோம்.

இனி நாங்கள் எங்கே போவது? ரோட்டோரக் கடையில் 70 ரூபாய்க்குத் தருகிறார்கள். பெட்டியில் பெரிய கம்பெனி பெயர், எழுத்துப்பிழையோடு. பில் கிடையாது. போன வருஷம் ஒரு பையன் அதைப் போட்டு, 4,000 கிலோமீட்டரில் பசை விட்டு பேப்பர் தனியாக, மூடி தனியாக வந்ததை நானே கையில் வைத்துப் பார்த்தேன். விலை குறைவாகவும் இருந்து, பில்லும் கொடுத்து, பின்னால் கேட்க ஒரு முகவரியும் இருந்த ஒரே ஃபில்டர் உங்களுடையதுதான். அதை எடுத்துவிட்டால் காசு இருப்பவன் 260-க்குப் போவான், இல்லாதவன் டூப்ளிகேட்டுக்குப் போவான். அவன் எஞ்சின் சீஸ் ஆகி (சுற்றாமல் இறுகி) மலையில் குடும்பத்தோடு நின்றால் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. நான் கடைசியில் ஷோரூம் பார்ட்ஸ் கவுன்டரில் ஒரிஜினல் வாங்கிப் போட்டேன். அது வந்து சேர மறுநாள் ஆனது. தைப்பூசத்துக்கு முந்தின நாள், வருஷத்திலேயே பழனிச் சவாரி குவிகிற நாள், என் வண்டி பட்டறையில் நின்றது.

நஷ்டக் கணக்கு: நவம்பரில் இருந்து திண்டுக்கல்லுக்கு மூன்று நடை, மதுரைக்கு ஒன்று. மதுரை டீசல் மட்டும் 500 ரூபாய்க்கு மேல். பழனிச் சவாரி 2,800. வண்டி நின்ற நாளில் போன சவாரிகள் குறைந்தது 6,000. அந்தப் பழனிக் குடும்பம் இனி பக்கத்து வண்டிக்காரரைத்தான் கூப்பிடும், அது வருஷா வருஷம் போகிற நஷ்டம். மன உளைச்சலையும் சேர்த்தால் 50,000 ரூபாய்க்குக் குறையாது. என் பிழைப்பிலேயே கை வைத்துவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

அந்தக் கால் சென்டர் ஆள் இன்னொன்றும் சொன்னார், மேலே எழுத விட்டுவிட்டேன். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்றதும், "டாக்ஸி கமர்ஷியல் வண்டி சார், நீங்க கன்ஸ்யூமரே கிடையாது" என்று சிரித்தார். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகப் பொருள் வாங்குகிறவன் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் பிரிவு 2(7)-இன் விளக்கத்தில் சொல்கிறது. எனக்கு ஒரே வண்டி, அதை ஓட்டுவதும் நான்தான். தயவுசெய்து அவருக்கு இதை யாராவது சொல்லிக்கொடுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஃபில்டரைத் திரும்பக் கொண்டுவாருங்கள். விலையை 130, 140 ஆக்கினாலும் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், ஒன்பது பேரும் சேர்ந்து வருஷத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே ஆர்டர் கொடுக்கவும் தயார். முடியாது என்றால் 260 ரூபாய் ஃபில்டரை பேக்கேஜ் இல்லாமல் தனியாக விற்கச் சொல்லி எல்லாக் கடைக்கும் உத்தரவு போடுங்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்ற உண்மையான காரணத்தை எழுத்தில் கொடுங்கள். என் 110 ரூபாயையும் மதுரைப் பயணச் செலவையும் திருப்பிக் கொடுங்கள். அந்த ஆள் என்னிடம் போனில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கூப்பிடும்போது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள், அப்போதுதான் மகள் வீட்டில் இருப்பாள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் பதில் வரவில்லை என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அடுத்து திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமே கிடையாது, வக்கீலும் தேவையில்லை, நானே பேசுவேன். இரண்டு காலிப் பெட்டிகளையும் அறுத்த ஃபில்டர்களையும் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறேன். அதுவரை போக வைக்காதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் திண்டுக்கல் கடை எனக்குப் பிடித்த கடை.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: 2021 முதல் 2025 வரையிலான பில் நகல்கள், ஆன்லைனில் 110 ரூபாய் கட்டிய ரசீது, இரண்டு பெட்டிகளின் போட்டோ, ஸ்டாண்டு டிரைவர்கள் ஒன்பது பேரின் கையெழுத்து.

பி.கு.: அடுத்த ஆயில் மாற்று ஏப்ரல் முதல் வாரத்தில் வருகிறது. கோடை சீசன் தொடங்குகிற நேரம், அதற்குள் ஒரு முடிவு சொல்லிவிடுங்கள்.