பவுடர் மேல பழி, டார்ச்சுக்கு நற்சான்றிதழ்

ஆசிரியர் சார், வணக்கம்.

போன இதழ் அறிவியல் பக்கத்துல, அருமண் தனிமம் கலந்த ஒளிரும் பவுடர் பத்தின கட்டுரைல "கதிரியக்கத்தால் தானாகவே ஒளிரும் ஆபத்தான பொருள்"னு ஒரு வரி. பக்கத்துலயே படம், அதுக்குக் கீழ "புற ஊதா டார்ச் வெளிச்சத்தில்"னு நீங்களே போட்டிருக்கீங்க. தானா ஒளிரறதுக்கு டார்ச் எதுக்கு சார்?

நான் இந்தப் பவுடரை அரைச்சு, ஃபர்னஸ்ல வச்சு எடுத்தவன். மாலிப்டேட்ங்கற உப்புல யூரோப்பியம்ங்கற அருமண் தனிமம் கலந்தது பகல்ல சாக்பீஸ் தூளாட்டம் வெள்ளையா சும்மா கிடக்கும், இருட்டு ரூம்ல 395 நானோமீட்டர் அலைநீளம் உள்ள புற ஊதா டார்ச்சைக் காட்டினா பளீர்னு செவப்பு, 615 நானோமீட்டர் பக்கம், டார்ச்சை அணைச்சா மில்லி செகண்ட் கணக்குல போயிடும். யூரோப்பியம் அயனில (மின்னேற்றம் உள்ள அணுவுல) இருக்கற எலக்ட்ரான் வெளிச்சத்தை வாங்கி மேல ஏறுது, கொஞ்சத்தை வெப்பமா விட்டுட்டு மிச்சத்தை செவப்பா கொடுத்துட்டு இறங்குது, அவ்ளோதான். அணுக்கருவுக்கு இதுல வேலையே இல்ல. உங்களுக்குத் தெரியாததா, அச்சுக்குப் போற அவசரத்துல விட்டிருப்பீங்க.

அந்தக் காலத்து வாட்ச் டயல்ல ரேடியம் கலந்து பூசினாங்க, அது கதிரியக்கம்தான். அருமண்லயும் ப்ரோமித்தியம்னு ஒண்ணு அப்படி இருக்கு. அதுக்காக மொத்தக் குடும்பத்து மேலயும் கேஸ் போடுவீங்களா? டியூப்லைட்டோட உள்பூச்சுல செவப்பு கொடுத்தது இந்த யூரோப்பியம்தான், யூரோ நோட்டு புற ஊதா வெளிச்சத்துல மின்னறதும் இதாலதான். அந்த நோட்டை வச்சிருக்கறவங்க எல்லாம் கதிரியக்கத்தைத் தடுக்க ஈயத்துலயா பர்ஸ் தச்சுக்கிட்டாங்க?

இது முதல் தடவையும் இல்ல. எல்இடி சிறப்பிதழ்ல, வெள்ளை எல்இடி எல்லாமே புற ஊதா சிப்புன்னு எழுதினீங்க. பெரும்பாலானதுல இருக்கறது 450 நானோமீட்டர் பக்கம் வர்ற நீல சிப், மேல சீரியம்ங்கற இன்னொரு அருமண் கலந்த மஞ்சள் பவுடர். அதுல செவப்பு கம்மியா இருக்கறதாலதான், புற ஊதாவை ஒட்டின சிப்புல செவப்பு, பச்சை, நீலம்னு மூணு பவுடரையும் பூசிப் பார்க்கறாங்க, இவ்வளவு ஆராய்ச்சியும் அதுக்குத்தான். அதே இதழ்ல "யூரோப்பியம் கூடக்கூட வெளிச்சம் கூடும்"னு வேற! ஒரு அளவைத் தாண்டினா அயனிங்க தங்களுக்குள்ளயே ஆற்றலைக் கைமாத்திக் கைமாத்தி வீணடிச்சு மங்கிடும்னு அப்பவே மரியாதையா ஒரு கடிதம் போட்டேன். வந்து சேரலையோ என்னவோ. அதுக்கும் முன்னாடி சீரியம் தங்கத்தைவிட அரிதுன்னு போட்டீங்க, பூமியோட மேலோட்டுல அது கிட்டத்தட்ட செம்பு அளவுக்கு இருக்கு.

எனக்கு நிஜமாவே கோவம் வந்தது எதுலன்னா, படத்துல ஒரு பையன் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாம அந்த டார்ச்சை முகத்துக்கு நேரா பிடிச்சிட்டு சிரிக்கிறான். அந்த வெளிச்சம் பாக்க மங்கலாத்தான் இருக்கும், அதனால யாரும் கண்ணை மூட மாட்டாங்க, ஆனா கண்ணைக் கெடுக்கும். இல்லாத கதிரியக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை, இருக்கற ஆபத்துக்கு ஒரு வார்த்தை கிடையாது.

பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த இதழ்ல எந்த மூலைலயாவது ரெண்டு வரி திருத்தம். இனிமே இந்த மாதிரி படம் போட்டா எத்தனை நானோமீட்டர் டார்ச்சுன்னும், கண்ணாடி போட்டுக்கணும்னும் கீழ போடுங்க. இந்தக் கடிதத்தைப் போட இடம் இல்லேன்னா பரவாயில்ல, பழகிடுச்சு.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்