கிரிஸ்பர் எதை வெட்டுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மரபியல் வரலாற்றுக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். மெண்டலின் பட்டாணிச் செடிகள், 1900-இல் அவருடைய ஆய்வு மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது, 1953-இல் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் என்று நன்றாகவே போகிறது. டிஎன்ஏவை எக்ஸ்ரே படமெடுத்த ரோசலிண்ட் பிராங்க்ளினுக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கியதற்குத் தனியாக நன்றி. ஆனால் கடைசிப் பகுதியில், அரிவாள் செல் சோகைக்கான (சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோய்) கிரிஸ்பர் சிகிச்சையில், அதாவது டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கருவியைக் கொண்டு செய்யும் சிகிச்சையில், ‘பழுதான மரபணுவை வெட்டியெடுத்து நல்லதை ஒட்டுகிறார்கள்’ என்று எழுதியிருப்பது தவறு.

இந்த நோய்க்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்கெவி என்ற கிரிஸ்பர் சிகிச்சை, பழுதான மரபணுவைத் தொடுவதே இல்லை. நடப்பது இதைவிடச் சுவாரசியமானது.

கருவில் இருக்கும்போது நம் எல்லோர் ரத்தத்திலும் இருப்பது வேறு வகை ஹீமோகுளோபின் (சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்). பிறந்த சில மாதங்களில் அதன் உற்பத்தி அடங்கி, பெரியவர்களுக்குரிய வகை வந்துவிடும். பழுது இருப்பது இந்த இரண்டாவது வகையில்தான். அதில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வேலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்திருப்பதை 1957-இல் வெர்னன் இங்ராம் காட்டினார். அதற்கும் முன்பே, 1948-இல், ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் (இரட்டைச் சுருளைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) இந்தப் பழுதுள்ள பச்சிளம் குழந்தைகளின் சிவப்பணுக்கள் அவ்வளவாக வளையாததைக் கவனித்தார். கருக்கால ஹீமோகுளோபின்தான் காப்பாற்றுகிறது என்பது அவர் கணிப்பு. கணிப்பு சரிதான். ஆனால் அடங்கிப்போனதை மறுபடி கிளப்புவது எப்படி? அதை அடக்கி வைப்பது பிசிஎல்11ஏ என்ற மரபணு என்று 2008 வாக்கில்தான் தெரிந்தது.

கிரிஸ்பர் வெட்டுவது அங்கேதான். நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை (எலும்பு மஜ்ஜையில் இருந்து ரத்தம் உண்டாக்கும் மூலச் செல்கள்) வெளியே எடுத்து, சிவப்பணுக்களில் பிசிஎல்11ஏவை முடுக்கிவிடும் சிறு டிஎன்ஏ பகுதியை வெட்டிச் சிதைக்கிறார்கள். அடக்குமுறை தளர்ந்ததும் கருக்கால ஹீமோகுளோபின் திரும்ப ஊறத் தொடங்குகிறது. ஒட்டுவதற்கு இங்கே எதுவும் இல்லை.

இன்னொன்றையும் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. திருத்திய செல்களை உள்ளே செலுத்துவதற்கு முன் கடுமையான கீமோ மருந்து கொடுத்துப் பழைய மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும். பல வாரம் மருத்துவமனை வாசம். மருந்தால் பிள்ளைப்பேறு பாதிக்கப்படவும் கூடும். அமெரிக்காவில் இதற்கு வைத்திருக்கும் விலை 22 லட்சம் டாலர்.

இதெல்லாம் சின்ன விவரம் என்று தள்ள முடியாது. ‘நல்ல மரபணுவை ஒட்டிவிட்டார்கள்’ என்று படிக்கும் ஒரு குடும்பம், இனி பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது என்றுதான் நினைத்துக்கொள்ளும். மாற்றம் நடப்பது ரத்தம் உண்டாக்கும் செல்களில் மட்டும். பழுதான மரபணு அடுத்த தலைமுறைக்குப் போகும் வாய்ப்பு முன்பு எப்படியோ அப்படியேதான். அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்