கேட் ஆன்ட்டி எழுதுவது

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். நானும் பதிலுக்குப் பேசி அனுப்பலாம் என்று போனை எடுத்தால் பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். இன்று எனக்கு ஆஃப். துணி காயப் போட்டாயிற்று, மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது.

பேத்தி குட்டிக்கு நடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. பெரியவளாகி நாலு மாதம்தான் ஆகிறது. உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற பையில் நாப்கின் பாக்கெட்டைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள் என்றால், அவள் மறுநாள் எந்த முகத்தோடு பள்ளிக்குப் போவாள்? 2022-ல் உங்கள் டெக்சாஸில், டல்லஸ் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாருக்கும் இந்த மாதிரிப் பைதான் என்று உத்தரவு வந்தபோது நீயே சொல்லியிருக்கிறாய். சொந்தச் சாமான் வைக்க உள்ளே மூடின சின்னப் பை ஒன்று இருக்கலாம் என்று அங்கே விட்டுக்கொடுத்தார்களாம். உங்கள் பள்ளியிலும் அப்படி உண்டா என்று நாளைக்கே கேள். அலுவலகத்தில் கேட்காதே, ஒரு பெண் ஆசிரியையைப் பிடித்துக் கேள்.

'பேசாமல் சிங்கப்பூருக்கே வந்துவிடலாமா அம்மா, அங்கே இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே' என்றாய். வந்தால் எனக்குச் சந்தோஷம், மாப்பிள்ளைக்கு வேலைதான் பார்க்க வேண்டும். ஆனால் இங்கே பிள்ளைகளை யாரும் கவனிப்பதில்லை, நோண்டுவதில்லை என்று நினைத்துக்கொண்டு வராதே. பள்ளி கேட்டில் காவலுக்கு நின்று கவனிக்கிற ஆளே நான்தானே.

இந்த 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் பள்ளி நேரம் முழுக்கக் கைத்தொலைபேசியைத் தொடக்கூடாது. ஸ்மார்ட் வாட்ச்சும் கூடாது, இடைவேளையிலும் கூடாது. போன் விஷயத்தில் போன வருடமே டெக்சாஸ் முந்திக்கொண்டது, அதனால் உனக்கு இது புதிதில்லை. பள்ளி டேப்லெட் இரவு 10:30-க்குத் தானாகத் தூங்கிவிடும், முன்பு 11 மணி. அந்த டேப்லெட்டில் பிள்ளை என்ன பார்க்கிறான் என்று கவனிக்க ஒரு மென்பொருள் போடப்போகிறோம் என்று கல்வி அமைச்சு சொன்னபோது, 2021 தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இணையத்தில் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். எதிர்த்தும் வந்தது. அப்புறம் 2024 ஆகஸ்ட்டில் அதற்காகப் போட்ட மொபைல் கார்டியன் என்ற செயலிக்குள்ளேயே யாரோ புகுந்துவிட்டார்கள். 26 பள்ளிகளில் சுமார் 13,000 பிள்ளைகளின் டேப்லெட்டுகள் துடைத்து வைத்த மாதிரி ஆயின. காவலுக்கு வைத்த கதவு வழியாகவே திருடன் வந்தான். அமைச்சு அந்தச் செயலியையே எடுத்துவிட்டது.

கதவு என்றதும் இன்னொன்று. 2022-ல் டெக்சாஸின் யுவால்டே பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூடு பற்றி நீ அன்று அழுதுகொண்டே பேசியது இன்னும் காதில் இருக்கிறது. 19 பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். அதற்கப்புறம்தான் இந்தக் கண்ணாடிப் பைப் பேச்சு எல்லா இடத்திலும் பெரிதாயிற்று, இல்லையா? எனக்குப் படிப்புக் குறைவு, ஆனால் கேட்டில் ஏழு வருடம் நின்றவள். சுட்டவன் அப்போது அந்தப் பள்ளி மாணவன் இல்லை, துப்பாக்கியைப் புத்தகப் பையில் மறைத்துக் கொண்டுவரவும் இல்லை. வெளியிலிருந்து துப்பாக்கியோடு நடந்து வந்தான். ஆசிரியை இழுத்துச் சாத்திய கதவு பூட்டிக்கொள்ளவில்லை, அதன் வழியாக உள்ளே போனான். போலீஸ் வந்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வகுப்பறைக்கு வெளியே நின்றது. கோளாறு பூட்டிலும் பெரியவர்களிடமும் இருந்தது, பிள்ளைகளின் பை என்ன செய்தது?

சரி, ஊரைச் சொல்லிவிட்டேன், என்னைச் சொல்கிறேன். இதை உன் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை.

இங்கே இப்போது வேப், அதாவது மின் சிகரெட், தலைவலி. 2025 செப்டம்பரில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த வேப்பைப் போதைப்பொருள் கணக்கில் சேர்த்தார்கள். பள்ளிகளில் திடீர்ச் சோதனை உண்டு. பையைத் திறந்து பார்ப்பது ஆசிரியர்கள் வேலை, என் வேலை இல்லை. எனக்குக் கொடுத்திருப்பது ஒரு வாக்கி-டாக்கி, வருகையாளர் புத்தகம், ஒரு பெரிய குடை.

ஒரு பையன். உயர்நிலை மூன்று. தினமும் 6:50-க்கு வருவான், என்னைப் பார்த்தால் 'காலை வணக்கம் ஆன்ட்டி' என்று தமிழில் சொல்வான். சீனப் பிள்ளை, யாரோ நண்பன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். போன வருடம் ஒருநாள் அவன்தான் மெதுவாக வந்து, 'பஸ் ஸ்டாப்பில் வெளிப் பையன்கள் நாலு பேர் ரெண்டு நாளாக நிற்கிறார்கள், உயர்நிலை ஒன்று பையன் ஒருத்தனைத் தேடுகிறார்கள்' என்றான். டிசிப்ளின் மாஸ்டரிடம் சொன்னேன், அவர் போய்ப் பேசினார், அதோடு முடிந்தது. எந்தக் கேமராவும் அதை எனக்குச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் எங்கள் கேமராவில் விழாது.

அந்தப் பையன் ஜனவரி கடைசியில் ஒருநாள் பை புடைத்துக்கொண்டு வந்தான். நடையே வேறு மாதிரி இருந்தது, பையை முன்னால் மாட்டி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு. அந்த வாரம்தான் எங்களுக்கு 'கண்ணைத் திறந்து வைத்திருங்கள்' என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, நிறுத்தி, 'திற' என்றேன். கேட்கவில்லை, சொன்னேன். அவன் தயங்கினான். நானே கையை நீட்டி ஜிப்பை இழுத்துவிட்டேன்.

உள்ளே ஒரு ரைஸ் குக்கர். பழசு, மூடியின் கைப்பிடியில் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. பள்ளி விட்டதும் மாமா கடையில் பழுது பார்க்கக் கொடுக்க எடுத்துப் போகிறான். பின்னால் வந்த பையன்கள், 'டேய், கேன்டீனில் நாசி லெமாக் விற்கப் போறியா?' என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவன் காது சிவந்துபோய் ஜிப்பை மூடப் பார்க்கிறான், அது பாதியில் மாட்டிக்கொண்டது. இரண்டு மூன்று தடவை இழுத்தான். நான் 'சாரி ஐயா' என்றேன். 'இட்ஸ் ஓகே ஆன்ட்டி' என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாளிலிருந்து அந்தப் பக்க ஓரமாக, கூட்டத்தோடு கூட்டமாக நுழைகிறான். வணக்கம் நின்றுவிட்டது. நாளைக்கு யாராவது பஸ் ஸ்டாப்பில் நின்றால் எனக்கு யார் சொல்வார்கள்?

நீ அனுப்பிய அமெரிக்க வழக்குகளைப் பற்றி. மாப்பிள்ளை எளிமையாக எழுதிக் கொடுத்ததால் புரிந்தது. 1969 தீர்ப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு போன பிள்ளைகளைப் பள்ளி வெளியே அனுப்ப, மாணவர்கள் தங்கள் உரிமையைப் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போவதில்லை என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். வாசலைப் பற்றி ஒரு கோர்ட் பேசியிருக்கிறது, வாசலில் நிற்கிற எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை! அந்த 13 வயதுப் பெண், வலி மாத்திரை வைத்திருக்கிறாள் என்று சந்தேகப்பட்டு உள்ளாடை வரை சோதித்தார்களே, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 2009-ல் கோர்ட் அது தப்பு என்றது. தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பிள்ளைக்கு 19 வயது. இங்கே இப்படிக் கோர்ட்டுக்குப் போகிற பழக்கம் நம்மவர்களுக்கு இல்லை. ஒரு பெற்றோர் முதல்வரைப் பார்த்துக் கேட்பதே பெரிய விஷயம்.

அதற்காக, யாரும் எதையும் பார்க்கவே கூடாது என்று சொல்ல என்னால் முடியாது. 2021 ஜூலையில் இங்கே ரிவர் வேலி உயர்நிலைப்பள்ளியில் ஒரு 16 வயதுப் பையன் கோடாரியால் 13 வயதுப் பிள்ளையைக் கொன்றான். அன்று மதியம் எங்கள் கேட்டிலும் பெற்றோர்கள் வந்து நின்றுவிட்டார்கள், தங்கள் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று தெரிந்தும். ஓர் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். இனி விமான நிலையம் மாதிரி எல்லாப் பள்ளி வாசலிலும் சோதனை யந்திரம் வரும் என்று நானும் நினைத்தேன். எங்கள் கேட்டுக்கு வரவில்லை. ஆலோசகர் பயிற்சி பெற்ற ஆசிரியர்களை ஆயிரத்துக்கு மேல் உயர்த்தப் போவதாகச் சொன்னார்கள், அரையாண்டுத் தேர்வையும் எடுத்துவிட்டார்கள். அது போதுமா என்று என்னைக் கேட்டால், ஒரு ஆலோசகருக்கு எத்தனை பிள்ளைகள் என்று முதலில் எண்ணச் சொல்வேன்.

நாளைக்குத் திங்கள். அந்தப் பையன் வரும்போது நானே முதலில் வணக்கம் சொல்லலாம் என்றிருக்கிறேன். கூட்டத்துக்கு நடுவில் சொன்னால் அதுவும் அவனுக்கு மானக்கேடாகிவிடுமோ என்று பயம். குக்கர் சரியாயிற்றா என்று கேட்கவே மாட்டேன்.

குட்டிக்கு ஒரு சின்னப் பை தைக்க ஆரம்பித்திருக்கிறேன். உன் ஐந்தாம் வகுப்புத் தீபாவளிப் பாவாடை, அந்த மயில்கழுத்து நிறம், இன்னும் பெட்டியில்தான் இருந்தது. உள்ளே வெள்ளைத் துணி கொடுத்து இரட்டையாகத் தைக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்தாலும் எதுவும் தெரியாது. பள்ளியில் எவ்வளவு அளவு வரை விடுவார்கள் என்று கேட்டு எழுது. ஜிப் வேண்டுமா, பட்டன் போதுமா என்று அவளிடமே கேள். என்னைக் கேட்டால் பட்டன்தான், ஜிப் பாதியில் மாட்டிக்கொள்ளும்.

அம்மா