வனிலா வேலைக்கு வர விரும்பும் இளைஞர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனத்துக்குப் பிடித்த தொழிலைத் தேடிக்கொள்ளுங்கள் என்று உங்கள் வேலைவாய்ப்புப் பக்கம் இளைஞர்களுக்குத் தொடர்ந்து சொல்லிவருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் ஒரு தொழில் நமக்குப் பிடிக்குமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? தொழிலின் பெயரைக் கேட்டு ஆசைப்படுபவர்களே அதிகம். அந்தத் தொழிலில் எந்த மாதம், எத்தனை மணிக்கு, நம் கை என்ன செய்துகொண்டிருக்கும் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் கிழக்குப் பகுதியில் நாங்கள் செய்யும் வனிலா விவசாயத்தை வைத்தே இதைச் சொல்கிறோம்.

வனிலாத் தோட்டம் போட விரும்பி வருகிறவர்கள் அதன் வாசனையைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். பச்சை வனிலாக் காய்க்கு வாசனையே கிடையாது. கொடித்துண்டை நட்டு முதல் பூவைப் பார்க்க மூன்று ஆண்டு ஆகும். பூவிலிருந்து காய் முற்ற ஒன்பது மாதம். பறித்த காயைப் பதப்படுத்தி விலைக்குக் கொண்டுவர இன்னும் ஏறக்குறைய ஓர் ஆண்டு. வாசனையை நம்பி வந்தவர் ஏறக்குறைய நான்கு ஆண்டு அது இல்லாமலே உழைக்க வேண்டும். அந்த உழைப்புப் பிடித்தால்தான் இந்தத் தொழில் பிடிக்கும்.

பூ வேலையைப் பார்ப்போம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பூக்கும். ஒரு கொத்தில் 15, 20 மொட்டு இருந்தாலும் ஒரு நாளில் ஒன்றோ இரண்டோதான் விரியும். விடியலில் விரிந்தது பிற்பகலுக்குள் வாடிவிடும். எனவே ஞாயிறு, பண்டிகை பாராமல் தினமும் காலை 6 மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் எல்லாக் கொடியையும் பார்த்துவிட வேண்டும். தீபாவளிக் காலையும் இதில் அடங்கும்.

மெக்சிகோவிலிருந்து வந்த இந்தக் கொடிக்கு மகரந்தம் சேர்த்துவைக்க இங்கே எந்தப் பூச்சியும் இல்லை. 1841-ல் இதே தீவின் சேந்த்-சூசானில் அடிமையாக இருந்த எட்மோன் அல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவர் கண்டுபிடித்த கைமுறையைத்தான் இன்றும் உலகெங்கும் செய்கிறார்கள். அவர் 1880-ல் வறுமையில் இறந்தார். அவர் கண்டுபிடிப்பில் பணம் சேர்த்தவர்கள் வேறு ஆட்கள். இந்தத் தொழிலில் கை வைக்கும் எவரும் அவர் பெயரை அறிந்திருக்க வேண்டும்.

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. எலுமிச்சை முள்ளோ நுனி சீவிய மூங்கில் குச்சியோ போதும். இடது கையால் பூவைப் பின்புறமிருந்து பிடித்து, குழலாகச் சுருண்டிருக்கும் உதட்டிதழைக் குச்சியால் கீறினால் நடுத்தண்டு தெரியும். தண்டின் நுனியில் மகரந்தம், கீழே அதை ஏற்கும் சூல்முடி, இரண்டுக்கும் நடுவே மெல்லிய மடல். அந்த மடலைக் குச்சி நுனியால் மேலே தூக்கிப் பிடித்து, இடது கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடிமேல் மெல்ல அழுத்திவிட்டுக் குச்சியை உருவ வேண்டும். பழகிய கைக்குச் சில விநாடி வேலை. ஒரு காலையில் 1000 முதல் 1500 பூ வரை முடிப்பார்கள். ஒட்டியிருந்தால் வாடிய பூ காயின் நுனியிலேயே தங்கும். ஒட்டாத பூ இரண்டொரு நாளில் உதிரும். மழையில் மகரந்தம் நனைந்திருந்தாலோ, நேரம் தப்பிச் செய்தாலோ, நகம் பட்டுச் சூல்முடி காயப்பட்டாலோ உதிரத்தான் செய்யும்.

வேகம் வந்தபிறகு செய்யும் தவறு இதைவிடப் பெரியது. கண்ணில் பட்ட பூவையெல்லாம் முடித்துவிடுவார்கள். கொத்துக்கு 8, 10 காய்க்கு மேல் விட்டால் காய் மெலியும், கொடியும் இளைக்கும். இளைத்த கொடியின் வேரில் புசேரியம் பூஞ்சை எளிதாக ஏறும். ஏறிவிட்டால் கொடியைக் காப்பாற்ற மருந்து இல்லை. ஆகவே விரிந்து நிற்கும் நல்ல பூவைத் தொடாமல் கடந்துபோகவும் மனம் பழக வேண்டும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கையில் நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் காலைகள் ஆண்டின் நல்ல காலைகள். பேச்சுத்துணை இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்குப் பத்தாம் நாளே வெறுத்துவிடும். அது அவர்கள் குற்றமில்லை. அவர்களுக்கு உரிய வேலை வேறு.

இன்னொரு சிக்கல் கரும்பு. வெட்டு ஜூலையில் தொடங்கி டிசம்பர் வரை நடக்கும். புவா-ரூழ் சர்க்கரை ஆலைக்கு வண்டி போய்க்கொண்டிருக்கும் அக்டோபர், நவம்பரில்தான் வனிலாப் பூவும் உச்சத்தில் இருக்கும். இரண்டு வேலைக்கும் காலை நேரம்தான் வேண்டும். கரும்போடு வனிலாவையும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் நிலத்தைக் கணக்கிடுகிறார்கள், காலையைக் கணக்கிடுவதில்லை. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் சமாளிக்கலாம். ஒற்றை ஆள் கொடியின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதே வழி.

மற்ற மாதங்களின் வேலை கடினமில்லை, ஆனால் விடாமல் இருக்கும். தாழையிலோ சவுக்கிலோ படரும் கொடியைக் கைக்கெட்டும் உயரத்தில் மடக்கிவிட வேண்டும். பாதி நிழல் வேண்டும். பூக்கும் பருவத்துக்கு முன்னால் வரும் குளிர் மாதங்களில் நுனியைக் கிள்ள வேண்டும். வேர் மண்ணின் மேல்மட்டத்திலேயே ஓடுவதால் மண்வெட்டி போடக் கூடாது, இலைதழை மூடாக்குத்தான் போட வேண்டும். 2024-ல் பெலால், 2025-ல் கரான்ஸ் என்று புயல் வரும் தீவு இது. நிழல் மரம் முறிந்தால் அடுத்த வாரமே கொடியை வெயில் சுட்டுவிடும். தற்காலிக நிழலுக்கு வலைத்துணியை முன்பே வாங்கி வைத்திருப்பது நல்லது.

பதப்படுத்துவது தனித் தொழில் என்றே சொல்லலாம். காயின் நுனி மஞ்சளாகும்போது பறிக்க வேண்டும். முந்தினால் வாசனை ஏறாது, பூசணம் பிடிக்கும். பிந்தினால் காய் வெடிக்கும். கூடையோடு 63 முதல் 65 டிகிரி வெந்நீரில் சுமார் 3 நிமிடம் முக்க வேண்டும். சூடு மிஞ்சினால் வாசனையை உண்டாக்கும் நொதிகள் செத்துப்போகும், குறைந்தால் காய் முற்றிக்கொண்டே போய் வெடிக்கும். வெப்பமானி இல்லாமல் கை வைத்துப் பார்த்து முடிவு செய்யும் வேலை இல்லை இது. சூட்டோடு கம்பளி விரித்த பெட்டியில் 12 முதல் 24 மணி நேரம் புழுங்க வைத்தால் காய் பழுப்பாகிவிடும். பிறகு ஒரு வாரம் பத்து நாள் தினம் சில மணி நேரம் வெயில். அதன்பின் நிழல் தட்டில் இரண்டு மூன்று மாதம். அந்த மாதங்களில் ஒவ்வொரு காயும் பலமுறை கைக்கு வரும். விரலில் சுற்றினால் உடையாமல் வளைகிறதா என்று பார்த்து, பதம் வந்ததை மட்டும் எடுத்து, நீளம் அளந்து, மரப்பெட்டியில் பல மாதம் மூடி வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது கட்டாயம். பூசணம் பிடித்த ஒரு காய் பெட்டி முழுவதையும் கெடுத்துவிடும். காயின்மேல் வெள்ளையாக எதையாவது கண்டவுடனே பயந்துவிட வேண்டாம். ஊசி ஊசியாக மினுங்கினால் அது வாசனைப் பொருளான ‘வனிலின்’ படிகம், உயர்ந்த சரக்கு. மங்கலாகப் பஞ்சுபோல் படர்ந்திருந்தால்தான் பூசணம்.

ஒரு கிலோ பதப்பட்ட வனிலாவுக்கு ஐந்தாறு கிலோ பச்சைக் காய் வேண்டும். பூ வேலை பிடித்து, பெட்டி வேலை பிடிக்காதவர் பச்சைக் காயாகவே பதப்படுத்துகிறவருக்கு விற்றுவிடலாம். பெட்டி வேலையில் மட்டும் மனம் போகிறவர் கொடியே இல்லாமல் காயை வாங்கித் தொழில் செய்யலாம். ஒரே ஆள் எல்லாவற்றையும் சுமந்து, பிடிக்காத பாதியால் பிடித்த பாதியையும் வெறுத்துப்போவதுதான் வருத்தம் தருகிறது.

விலையை மட்டும் பார்த்து யாரும் வர வேண்டாம். 2018 வாக்கில் உலகச் சந்தையில் கிலோ 600 டாலரைத் தொட்டது, பிறகு சரிந்தது. 2000-களின் தொடக்கத்தில் விலை ஏறியபோது கேரளத்திலும் பொள்ளாச்சிப் பக்கமும் கொடி நட்டவர்களுக்கு இப்படிப்பட்ட சரிவு நன்றாகத் தெரியும். 2021-ல் ரீயூனியன் வனிலாவுக்கு ஐரோப்பாவின் புவிசார் குறியீடு கிடைத்தது பெரிய உதவி. ஆனாலும் வேறொரு வருமானம் கையில் இருக்கட்டும்.

உங்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. எந்தத் தொழிலைப் பற்றி எழுதினாலும் சம்பளத்தோடு அதன் மாதங்களையும் மணிகளையும் கைவேலையையும் அச்சிடுங்கள். வனிலாவுக்கு வர நினைப்பவர் நிலம் தேடும் முன் நவம்பரில் இரண்டு வாரம் பூவுக்கு மகரந்தம் சேர்க்கவும், ஆகஸ்டில் இரண்டு வாரம் காய் வேலைக்கும் கூலிக்குப் போய்ப் பார்க்கட்டும். இரண்டு பருவத்திலும் ஆள் தேவைப்படும்.

அதன்பிறகும் விருப்பம் இருந்தால் 100 கொடியோடு தொடங்கலாம். நோயில்லாத கொடியிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாத துண்டாக எடுக்க வேண்டும். கொடிக்கு 8 கொத்து, கொத்துக்கு 8 காய் என்றால் மொத்தம் 6400 பூ. நாற்பது காலைகளில் பங்கிட்டால் நாளுக்கு 160 பூ, புதிய கைக்கும் இரண்டு மணி நேரத்தில் முடியும். காய்க்கு 15 கிராம் வைத்தால் 96 கிலோ பச்சைக் காய், பதப்பட்டு 16 முதல் 19 கிலோ. உதிர்வையும் புயலையும் இதில் கழித்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வனிலா விவசாயிகள் சிலர்,
சேந்த்-ரோஸ், ரீயூனியன்